மூட்டமா, சுவர்ச் சூளையா? மண் வேலை வெடிக்காமல் சுட எது தோது

பானை, சட்டி, அகல் என்றால் சுவர்ச் சூளை. ஐயனார் கோயில் புரவி என்றால் மூட்டம், அதாவது சூளை கட்டாமல் வைக்கோல் போட்டு மூடி, மேலே சேறு பூசிச் சுடுவது. செட்டிநாட்டு மண்ணுக்கும் காற்றுக்கும் இதுதான் சரிப்படும்.

வெடிப்பில் பெரும்பகுதி முதல் 200 டிகிரிக்குள் நடந்துவிடுகிறது. மண்ணுக்குள் தங்கிய ஈரம் 100 டிகிரியில் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரியும். வெளியேற வழி கிடைக்காவிட்டால் சுவரைப் பிய்த்துக்கொண்டுதான் வரும். ஆகவே எந்தச் சூளை நல்லது என்பதைவிட, ஆரம்பச் சூட்டை எதில் அடக்கி வைக்க முடியும் என்று பார்க்க வேண்டும்.

சுவர்ச் சூளையில் அது நம் கையில் இருக்கிறது. தீவாயில் இரண்டு மூன்று சீமைக்கருவேல் கட்டைகளை மட்டும் புகையவிட்டு மூன்று நான்கு மணி நேரம் இளஞ்சூடு காட்டலாம். மேல் துவாரத்தில் ஒரு கண்ணாடித் துண்டை இடுக்கியால் இரண்டு நொடி பிடித்துப் பாருங்கள். ஆவி படிந்தால் ஈரம் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது, விறகைக் கூட்டாதீர்கள்.

மூட்டத்தில் இந்தப் பிடி இல்லை. வைக்கோல் பற்றிக்கொண்டால் சூடு மளமளவென்று ஏறிவிடும். அதனால் மண்ணைத்தான் பழக்க வேண்டும்: கண்மாய்க் களிமண்ணில் கால் பங்கு வரை பருமணலும் உமியும் கலந்து மிதிக்க வேண்டும். மணலும் உமியும் மண்ணுக்குள் உண்டாக்கும் இடைவெளிகள் வழியே ஆவி தப்பிக்கும். பானைக்கு இவ்வளவு கலந்தால் தண்ணீர் கசியும், புரவிக்கு அந்தக் கவலை இல்லை. அதோடு, ஆள் உயரச் சுடாத குதிரையைத் தூக்கிச் சூளைக்குள் வைப்பதற்குள் கால் விட்டுப்போகும். நிற்கிற இடத்திலேயே மூட்டம் போடுவதுதான் பத்திரம். வயிற்றில் துளை விட்டு, முதல் நாள் இரவே உள்ளே வறட்டிக் கங்கு போட்டு வாட்டிவிடுங்கள்.

ஆறும்போதும் ஆபத்து உண்டு. மணலில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் 573 டிகிரியில் சட்டென்று அளவு மாறும். ஆடிக் காற்று ஒரு பக்கம் மட்டும் அடித்தால் அந்தப் பக்கம் முன்னதாகச் சுருங்கிக் கீறல் விழும். மூட்டத்தில் காற்றடிக்கும் பக்கம் ஓட்டுச்சில் அடுக்கிச் சேற்றை இரட்டிப்பாகப் பூச வேண்டும். சுவர்ச் சூளையைப் பொறுத்தவரை, மேலே மூடிய ஓடுகளைக் கையால் தொட முடிகிற வரை பிரிக்காமல் இருந்தாலே போதும்.

உடைந்த சில்லைத் தூக்கிப் போடாதீர்கள், ஏன் உடைந்தது என்பது அதிலேயே தெரியும். தட்டையாகப் பெயர்ந்திருந்தால் ஆவி. விளிம்பு கத்தி போலக் கூராக இருந்தால் ஆறும்போது விழுந்த கீறல். குழிக்கு நடுவே வெள்ளைப் புள்ளி தெரிந்தால் சுண்ணாம்புக்கல். சுட்ட சுண்ணாம்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, சில நாள் கழித்துக்கூட மேற்பரப்பைத் தெறிக்க வைக்கும். இதற்கு இரண்டு சூளையும் உதவாது. சந்தேகமான கல்லை நசுக்கி எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அந்த மண்ணைக் கரைத்து, மெல்லிய சல்லடையில் வடித்த பிறகே மிதிக்க எடுக்க வேண்டும்.