வில்லைப் பிடித்தபடி படிக்க வேண்டிய அட்டைகள்

வயலின், வியோலா, செல்லோ, டபுள் பேஸ் ஆகிய வாத்தியங்களைப் புதிதாகக் கற்போருக்கான இசைச்சொல் அட்டைத் தொகுப்பு ஒன்றைச் சில மாதங்களாக என் மாணவர்களிடம் கொடுத்துப் பழக்கி வருகிறேன். ஒரு பக்கத்தில் சொல் அல்லது குறி, மறுபக்கத்தில் விளக்கம் என்பது நாம் அறிந்த அமைப்புதான். ஆனால் வாத்தியத்தைக் கையில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டியவை இவை என்ற எண்ணத்தோடு பெரும்பாலான அட்டைகளை எழுதியிருக்கிறார்கள். அந்த எண்ணம் தளர்ந்த இடங்களில் தொகுப்பின் பயனும் குறைந்துவிடுகிறது.

வில் பற்றிய அட்டைகளே இதன் சிறந்த பகுதி. கீழ்ப்பக்கம் திறந்த சதுரம் போன்ற குறி டவுன் போ என்றும், ஆங்கில எழுத்தான வி போன்றது அப் போ என்றும் சொல்வதோடு நிறுத்தாமல், முதலாவதில் வில்லின் பிடிப்பகுதியிலிருந்து நுனி நோக்கியும், இரண்டாவதில் நுனியிலிருந்து பிடிப்பகுதி நோக்கியும் கை நகர வேண்டும் என்று படத்தோடு காட்டியிருக்கிறார்கள். அதன் கீழேயே, விரல் வைக்காத டி தந்தியில் நான்கு நீண்ட ஸ்வரங்களை வாசித்துப் பார்க்கும்படி ஒரு சிறு பயிற்சி இருக்கிறது. ஸ்டக்காட்டோ அட்டை இதைவிடவும் கவனமாக எழுதப்பட்டது. அந்தச் சொல்லுக்குக் குறுகிய ஸ்வரம் என்று மட்டும் படித்த மாணவர், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் வில்லைத் தூக்கித் தூக்கி வைப்பார். இந்த அட்டையோ, வில் தந்தியின் மேலேயே நின்று, ஒலி மட்டும் துண்டுபட வேண்டும் என்று விளக்கிவிட்டு, வில் துள்ளி எழும் ஸ்பிக்காட்டோவுக்குத் தனி அட்டை ஒதுக்கியிருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கச் சொன்னால் வேறுபாடு மாணவரின் காதிலேயே விழுந்துவிடுகிறது.

பிட்சிகாட்டோ அட்டையில், தந்தியை விரலால் மீட்ட வேண்டும் என்பதோடு, மீண்டும் வில்லால் வாசிக்கச் சொல்லும் ஆர்கோ என்ற சொல் வரும்வரை மீட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதையும் எழுதியிருப்பது மகிழ்ச்சி தந்தது. குழுவாக வாசிக்கும்போது தொடக்க நிலையினர் தடுமாறும் இடம் அது.

ஒன்றுபோலத் தோன்றும் குறிகளில் தொகுப்பு பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறது. ஸ்வரத்தின் தலைக்கு மேலோ கீழோ வரும் புள்ளி ஸ்டக்காட்டோ. பக்கத்தில் வரும் புள்ளி அதன் கால அளவை ஒன்றரை மடங்காக்கும். இவ்விரண்டையும் ஒரே அட்டையில் ஒப்பிட்டுக் காட்டியவர்கள், ஸ்லர், டை ஆகிய இரண்டு வளைகோடுகளையும் ஏன் வெவ்வேறு பகுதிகளில் பிரித்துப் போட்டார்கள் என்று விளங்கவில்லை. ஒரே ஸ்வரத்தை நீட்டுவது டை; வெவ்வேறு ஸ்வரங்களை ஒரே வில்லோட்டத்தில் இணைப்பது ஸ்லர். அருகருகே வைத்துக் காட்டினால் அரை நிமிடத்தில் புரியக்கூடிய செய்தி இது. விரல் வைக்காத தந்தியைக் குறிக்கும் சுழியத்துக்கும், தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் மெல்லொலியான இயற்கை ஹார்மோனிக்கைக் குறிக்கும் சிறு வட்டத்துக்கும் உள்ள ஒற்றுமையைப் பற்றி எந்த அட்டையும் பேசவில்லை.

வேகச் சொற்களில்தான் எனக்கு மிகுந்த ஏமாற்றம். அடாஜியோ (மெதுவாக), ஆண்டான்டே (நடை வேகத்தில்), அல்லெக்ரோ (விரைவாக) ஒவ்வொன்றுக்கும், நிமிடத்துக்கு எத்தனை தட்டுகள் என்று தட்டிக் காட்டும் கருவியான மெட்ரோனோமின் ஒரேயொரு எண்ணை அச்சிட்டு முடித்துவிட்டார்கள். மெல்செல் தம் மெட்ரோனோமுக்குக் காப்புரிமை பெற்றது 1815-இல். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பிருந்தே இச்சொற்கள் இசை ஏடுகளில் இருந்துவருகின்றன. வேகத்தோடு இசையின் குணத்தையும் சுட்டும் சொற்களை ஒற்றை எண்ணுக்குள் அடைப்பது மாணவரின் காதைக் குறுக்கிவிடும். ஒரே சிறு மெட்டை வெவ்வேறு வேகங்களில் வாசித்துப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். வில் அட்டைகளை எழுதிய கைகளுக்கு அது கடினமாக இருந்திருக்காது.

வியோலா கற்போருக்கு இன்னொரு குறை உண்டு. எந்தக் கோடு எந்த ஸ்வரம் என்று இசைத்தாளின் தொடக்கத்தில் காட்டும் க்ளெஃப் குறிகளில், ட்ரெபிள், பேஸ் க்ளெஃப்களுக்கு விரிவான அட்டைகள் இருக்க, வியோலாவுக்குரிய ஆல்டோ க்ளெஃபுக்கு இரண்டே வரிகள்தாம். அதன் நடுக்கோடே நடு சி என்ற அடிப்படைச் செய்தியைக்கூட நான் பேனாவால் எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது. தந்திகளின் பெயர்கள், வில்லில் தேய்க்கும் பிசினான ரோசின், தந்திகளைத் தாங்கும் குதிரை, விரல் பலகை முதலியவற்றைக் காட்டும் அட்டைகள் பிழையின்றி உள்ளன.

அட்டைகள் தடிமனானவை, இசைத்தாள் தாங்கியில் சரியாமல் நிற்கின்றன. வழவழப்பான மேற்பூச்சு விளக்கொளியில் பளபளப்பதால், நின்றுகொண்டு வாசிப்பவர் குறியைப் பார்க்கத் தலையைச் சாய்க்க வேண்டியிருக்கிறது. மோவாயால் வாத்தியத்தைத் தாங்கும் வயலின் மாணவருக்கு இது சிறிய இடையூறு அன்று.

ஆசிரியரிடம் பயில்வோர் வில் பகுதிக்காகவே இதை வாங்கலாம். முதல் மாதத்தில் அந்தப் பகுதியை மட்டும் பயன்படுத்தினால் போதும். ஆசிரியர் துணையின்றித் தாமாகவே கற்பவர்கள், குறிப்பாக வியோலா எடுத்தவர்கள், திருத்திய பதிப்பு வரும்வரை காத்திருப்பது நல்லது.