ராட்டினத்துக்குப் பெயிண்ட் மாசியிலா, ஆனியிலா?

குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. நவம்பர் பாதி முதல் ஜனவரி பாதி வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டம். ஏப்ரல், மே பள்ளி விடுமுறை. ஆக, கேளிக்கைப் பூங்காவில் ராட்டினத்தை நிறுத்திப் பழுதுபார்க்கத் தோதாக மிஞ்சுவது பிப்ரவரி–மார்ச், இல்லையென்றால் ஜூன்–ஜூலை.

ஜூன்–ஜூலையில் மழையால் கூட்டம் குறைவு, வருமான இழப்பும் குறைவு. மோட்டார், கியர்பாக்ஸ், பேரிங் என்று கூரைக்கடியில் கழற்றிப் பார்க்கும் வேலைக்குச் சரி. பெயிண்டுக்கு ஆகவே ஆகாது. வெல்டிங் மூட்டில் விரிசல் தேட, பழைய பெயிண்டைச் சுரண்டியே ஆக வேண்டும். சுரண்டிய இரும்பு ஒரு சாரல் பட்டாலே மறுநாள் செந்துரு பூத்து நிற்கும். ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் பொதுவாகப் பெயிண்ட் அடிக்கவே கூடாது.

பிப்ரவரி–மார்ச்சில் வானம் வெளுத்திருக்கும், பரீட்சை நேரம் என்பதால் பிள்ளைகளும் வரமாட்டார்கள். என் ஓட்டு இதற்குத்தான். கடலோரப் பூங்காவில் ஊஞ்சல்போல் ஆடும் கொலம்பஸ் படகின் கம்பியைத் தடவி விரலை நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். அந்த உப்பை நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, உப்புத்தாள் தேய்த்து, அப்புறம்தான் பிரைமர் என்ற அடிப்பூச்சு. கழுவாமல் அடித்தால் பெயிண்ட் கொப்புளித்துவிடும். உச்சி வெயிலில் இரும்பு கொதிக்கும். பனி உலர்ந்ததும் காலையிலேயே அடித்துவிட வேண்டும்.