புடவையோடு இறங்கலாமா: மாமல்லபுரம் ரிசார்ட்டும் மண்டபம் கரையும்

தங்கச்சி கல்யாணம் முடிந்த வருஷம் ஆவணியில், மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கடற்கரை ரிசார்ட்டில் இரண்டு ராத்திரி தங்கினோம். மறுவருஷம் வைகாசியில் அதே கூட்டம், ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கிற மண்டபம் ஊருக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன ரிசார்ட்டுக்குப் போனது. கூட்டம் என்றால் எட்டுப் பேர்: அப்பா, அம்மா, நான், மனைவி, பையன், சின்ன மகள், தங்கச்சி, மாப்பிள்ளை. மூன்று அறை. அதிலிருந்து காரைக்குடியில் யாராவது "கடலுக்குப் போகணும், எங்க தங்கலாம்" என்று கேட்டால் என் கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். நான் மண்டபத்தின் பக்கம் சாய்ந்தவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவதாக ஒரு யோசனையும் இருந்தது. கடலே வேண்டாம், கானாடுகாத்தானில் பழைய வீடுகளை ஓட்டலாக மாற்றியிருக்கிறார்களே, அங்கே தங்கலாம் என்றார் மாப்பிள்ளை. அவர் கோயம்புத்தூர்க்காரர். வளவும் முகப்பும் ஆத்தங்குடிக் கல்லும் அவருக்குப் புதுசு. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடை வைத்திருக்கிற எனக்கு, பகலெல்லாம் தேக்குத் தூணைத் தூசி தட்டிவிட்டு ராத்திரி அந்தத் தூணுக்கு நடுவிலேயே படுக்கப் பணம் கட்டுவதா என்றிருந்தது. அப்பாவுக்கோ சிரிப்பு. "காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டு போச்சுன்னுதான் செட்டிமார் இவ்வளவு தூரம் உள்ள வந்தாங்கன்னு சொல்லுவாங்க. மறுபடி தண்ணி ஏறிரக் கூடாதுன்னு மேடையை உசத்தி வீடு கட்டினாங்க. நாம காசு கொடுத்து அந்தக் கடலைத் தேடிப் போறோம்." அப்படிச் சொன்னவர்தான் முதலில் பெட்டி கட்டினார்.

தூரத்தில் போட்டியே இல்லை. மண்டபம் தேவகோட்டை, ராமநாதபுரம் வழியாக மூன்று மணி நேரம். காலை இட்லியை வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே. மாமல்லபுரத்துக்கு வேனில் ஏழு மணி நேரம் ஆயிற்று, நடுவில் அப்பாவின் முழங்காலுக்காக நான்கு தடவை நிறுத்தம். விடியற்காலைப் பல்லவன் ரயிலில் ஏறிச் செங்கல்பட்டில் இறங்கியிருந்தால் சுகமாக இருந்திருக்கும் என்று திரும்பி வந்த பிறகு தோன்றியது.

அறை, மெத்தை, குளியலறை, காலைப் பலகாரம், எல்லாவற்றிலும் பெரிய ரிசார்ட்தான் மேல். அதற்கு ஒரு பத்தி செலவழிக்க வேண்டியதில்லை. காலைப் பலகாரம் மட்டும் நாற்பது வகைக்குக் குறையாது. மத்தியானம் 'செட்டிநாடு' என்று சீட்டு வைத்த கோழிக் குழம்பை மட்டும் அம்மா கரண்டியால் ஒரு தடவை கிளறிப் பார்த்துவிட்டு, தயிர்சாதத்துக்குப் போய்விட்டார். வரவேற்புக் கூடத்தில் இரண்டு தூண்கள் நின்றன, பர்மாத் தேக்கு, எங்கள் பக்கத்து வேலைப்பாடு. எந்த ஊரில் எந்த வீட்டைப் பிரித்தபோது போனதோ. வார்னிஷ் மட்டும் கொஞ்சம் அதிகம். தொழில் புத்தி விடவில்லை, போய்த் தட்டிப் பார்த்தேன். என்னை அங்கிருந்து இழுத்துக்கொண்டு போகும் வேலை மனைவிக்கு.

தொழில் புத்தியில் இன்னொன்றும் பார்ப்பேன்: கீலும் தாழ்ப்பாளும். கடல் உப்பு இரும்பைத் தின்றுவிடும், ஏசியின் வெளிப்பெட்டியைத் தின்றுவிடும். பெரிய இடத்தில் எல்லாம் பளிச்சென்று இருந்தது. மாற்றிக்கொண்டே இருக்க அவர்களிடம் ஆள் இருக்கிறது. மண்டபத்தில் எங்கள் குளியலறைத் தாழ்ப்பாள் துருவேறி, மகள் உள்ளே மாட்டிக்கொண்டு பத்து நிமிஷம் அழுதாள். சின்ன இடத்தில் அறை எடுப்பவர்கள் பெட்டியை இறக்கும் முன்பே எல்லாக் கதவையும் ஒரு தடவை சாத்தித் திறந்து பார்த்துவிடுங்கள்.

இனி எனக்கு முக்கியமாகப் பட்ட விஷயம். கடற்கரை ரிசார்ட் என்று போகிறோம். அந்தக் கடலில் நம் வீட்டு ஆட்கள் எத்தனை பேர் நனைய முடியும்?

மாமல்லபுரத்தில் எட்டில் ஒருவர்கூட முழுசாக நனையவில்லை. அந்தக் கரை சரிவானது. ஆழத்திலிருந்து வரும் அலை கரையை ஒட்டி வந்துதான் உடைகிறது, உடைந்த வேகத்தில் காலுக்குக் கீழே மணலை அரித்துக்கொண்டு திரும்புகிறது. முழங்கால் தண்ணீரில் நின்ற என்னையே ஓர் அலை உட்கார வைத்துவிட்டது. கொடி கட்டியிருந்த இடத்துக் காவலாளி ஒருவர் பையனுக்குக் காட்டினார்: வெள்ளையாக அலை உடைகிற இடத்தைப் பார்த்து நாம் பயப்படுகிறோம், இரண்டு பக்கமும் அலை உடைந்து நடுவில் ஓர் இடம் மட்டும் அமைதியாகத் தெரிகிறதே, அதுதான் ஆபத்து. கரைக்கு ஏறிய தண்ணீரெல்லாம் உள்ளே திரும்பி ஓடுகிற வாய்க்கால் அது. மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தக் கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். இரண்டு நாளும் சிவப்புக் கொடிதான். விசில் சத்தம் ஓயவில்லை. அவர்கள் செய்தது சரி, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

அறையிலிருந்து கடலுக்கு நடக்கிற தூரமும் உண்டு. 1991இல் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைக்குப் பிறகு, ஊர்ப்புறக் கடற்கரைகளில் அலையேற்றக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறும்போது தண்ணீர் எட்டுகிற எல்லையிலிருந்து, 200 மீட்டருக்குள் புதிதாகக் கட்ட முடியாது என்பது பொதுவான விதியாக இருந்தது. 2019இல் சில இடங்களுக்குத் தளர்த்தினார்கள். ஆகவே 'கடல் பார்த்த அறை' என்றால் பல இடங்களில் புல்வெளியையும் தென்னையையும் தாண்டி, தூரத்தில் ஒரு நீலக் கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலிக்காரருக்கு 200 மீட்டர் மணல் என்பது இரண்டு கிலோமீட்டருக்குச் சமம்.

சரி, கடல் இல்லாவிட்டால் நீச்சல் குளம். குளம் பிரமாதம். பிள்ளைகள் இரண்டும் காலையிலிருந்து சாயந்திரம்வரை அதிலேயே கிடந்தன. ஆனால் நைலான் உடையோடுதான் இறங்க வேண்டும். பருத்தித் துணியின் இழை வடிகட்டியை அடைக்கும், சாயம் போகும், அதனால் பல இடங்களிலும் இதே விதிதான். என் மனைவி அங்கேயே ஓர் உடை வாங்கிக்கொண்டாள். அம்மாவுக்கு வயது அறுபத்து மூன்று. அந்த உடைக்கு அவர் மாறுவது நடக்கிற காரியமா? புடவையோடு குளத்தில் இறங்க விடமாட்டார்கள், கடலில் இறங்கச் சிவப்புக் கொடி. இரண்டு நாளும் குடைக்குக் கீழே சாய்வு நாற்காலியில் பிள்ளைகளின் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும் வழியில், திண்டிவனம் தாண்டி, வண்டியில் எல்லோரும் தூங்கிய பிறகு மெதுவாகச் சொன்னார்: "கால் நனையாம வர்றதுக்கு நம்ம ஊருணிக்கரையிலேயே உக்காந்திருப்பேன்ப்பா."

அந்த வார்த்தைதான் எங்களை மண்டபத்துக்குக் கொண்டுபோனது.

மண்டபம் ஒரு மூக்கு மாதிரி கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. அந்தப் பக்கத்து ஆட்கள் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். பெண் கடல் ஆழம் குறைந்தது, அலை அடங்கியது. ஆனால் அந்தப் பெயரை நம்பி வருஷம் பூராவும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வைகாசியிலிருந்து ஆவணிவரை தென்மேற்கிலிருந்து காற்று வீசும். தென்கரை கொந்தளிக்கும், வடகரை குளம்போலக் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வடக்கிலிருந்து வாடைக் காற்று திரும்பினால் கதை தலைகீழ். அதனால் அறை போடும்போது ஏசி உண்டா, வைஃபை உண்டா என்று கேட்பதற்கு முன்னால், "உங்கள் இடம் வடகரையா, தென்கரையா" என்று கேளுங்கள். கேட்டதும் மாதத்தை வைத்துப் பதில் சொல்கிற ஆள் கடலைத் தெரிந்தவர். "எல்லா சீசனும் சூப்பர் சார்" என்றால் போனை வைத்துவிடலாம்.

நாங்கள் போனது வைகாசி, இடம் வடகரை. அறை வாசலிலிருந்து சவுக்கு நிழலில் ஐம்பது அடி எடுத்து வைத்தால் தண்ணீர். நூறு அடி உள்ளே போனாலும் எனக்குத் தொடைவரைதான். அம்மா ஒரு பழைய சுங்குடிச் சேலையைக் கட்டிக்கொண்டு, கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, என் மகளின் கையைப் பிடித்து இறங்கினார். இடுப்புத் தண்ணீர் வரும்படி மணலில் உட்கார்ந்துவிட்டார். அப்பா பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தண்ணீருக்குள்ளேயே போட்டு உட்கார்ந்து, முழங்காலுக்கு உப்புத் தண்ணீர் நல்லது என்று தானே முடிவு செய்துகொண்டார். பையன் சிப்பி பொறுக்கினான். காலை பத்து மணிக்கு இறங்கியவர்கள் வெயில் ஏறி, சாப்பாட்டுக்குக் கூப்பிட்ட பிறகுதான் எழுந்தார்கள்.

அழகில் அது மாமல்லபுரத்துக்கு உறைபோடக் காணாது. தண்ணீர் கலங்கலாக இருக்கும். கடல்புல் ஒதுங்கிக் கரையோரம் குவிந்து, வெயிலில் ஒரு வாடை வரும். அந்தப் புல்தான் கடல்பசுவுக்குத் தீனி, அங்கே அதை ஆவுளியா என்கிறார்கள். இந்தப் பாக் விரிகுடாவில்தான் 2022இல் கடல்பசுவுக்கென்று தனிக் காப்பகம் அறிவித்தார்கள். இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொன்னேன். அவர்கள் மூக்கைத்தான் பிடித்தார்கள். மணலில் புதைந்து திருக்கை கிடக்கலாம் என்பதால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்கச் சொன்னார் படகுக்காரர். சொறி என்கிற ஜெல்லி மீன் மிதந்து வந்தால் அன்றைக்கு இறங்காமல் இருப்பது நல்லது. ஆழம் இல்லை என்பதற்காகப் பிள்ளைகளைத் தனியாக விடவும் கூடாது.

சேவையும் மெலிசு. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் காபி கேட்டால் சமையல்காரர் வீட்டுக்குப் போயிருப்பார். கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடும், ஏசி ஓடாது. ஆனால் மீனை மத்தியானம் நம்மிடம் காட்டிவிட்டுக் குழம்பு வைத்தார்கள். அந்தக் குழம்பில் அம்மா கரண்டி விட்டுக் கிளறவில்லை, நேராகச் சோற்றில் ஊற்றிக்கொண்டார்.

பணக் கணக்கு: பெரிய இடத்தில் ஓர் அறைக்கு ஓர் இரவு 14,000, மூன்று அறை, இரண்டு இரவு, 84,000. மண்டபத்தில் ஓர் அறை 5,000, மொத்தம் 30,000. இரண்டும் வரிக்கு முன். 2025 செப்டம்பரில் மாற்றிய விதிப்படி 7,500 ரூபாய்வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. அந்த 84,000க்கு வரி மட்டும் 15,120 என்று போட்டுப் பாருங்கள். சனி ஞாயிறு வாடகை ஏறும், பிள்ளைகளுக்குக் கூடுதல் கட்டில் என்று தனியாக ஒன்று வரும்.

தங்கச்சிக்கு இதில் எதுவும் ஏற்பில்லை. "அண்ணே, நீங்க அம்மா கால் நனைஞ்சதை வச்சே எல்லாத்தையும் அளக்கிறீங்க" என்கிறாள். கல்யாணம் ஆகி இரண்டே மாதத்தில் போனவளுக்கு மாமல்லபுரம் வேறு மாதிரிதான் இருந்திருக்கும். தனியாக ஒரு காட்டேஜ், ராத்திரி மணலில் விளக்கு வைத்துச் சாப்பாடு, காலையில் மாப்பிள்ளையோடு கடற்கரைக் கோயில்வரை நடை. மண்டபத்தில் இருவருக்கும் தனிமை என்று ஐந்து நிமிஷம் கிடைக்கவில்லை; எங்கே உட்கார்ந்தாலும் என் மகள் போய் நடுவில் உட்கார்ந்துவிடுவாள். அவர்கள் அலையைப் பார்க்கப் போனவர்கள், இறங்குவதற்கு அல்ல. இரண்டு பேர் மட்டும் போவதாக இருந்தால் நானும் மாமல்லபுரத்தையே சொல்லுவேன், அதுவும் வார நடுவில். புதுசாய்க் கல்யாணம் கட்டியவர்களுக்கு மண்டபத்தில் வேண்டுமானால் பாம்பன் பாலம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் கப்பல் வந்தால் நடுத்துண்டு அப்படியே மேலே ஏறும். மாப்பிள்ளைக்கு அது ஒன்றுதான் பிடித்தது.

நான் மண்டபத்தில் மழைக்காலத்தில் தங்கியதில்லை. வாடைக் காற்றில் தென்கரை எவ்வளவு அடங்கியிருக்கும் என்பது மீன்காரர்கள் சொல்லிக் கேட்டதுதான், கண்ணால் பார்த்ததில்லை. வருகிற தை மாதத்துக்குத் தென்கரையில் ஓர் இடம் பேசிவைத்திருக்கிறேன். அறை வாடகை எவ்வளவு என்று அப்பா கேட்டார். அம்மா கேட்கவில்லை. உப்பு ஏறி வெளுத்த அந்தச் சுங்குடியைத் துவைத்து, மற்றச் சேலைகளோடு சேர்க்காமல் பீரோவின் கீழ்த்தட்டில் தனியாக மடித்து வைத்திருக்கிறார்.