எண்ணை நகர்த்துவதா, எழுத்துக்குப் பெயர் வைப்பதா?

ஒரே கோப்பை இருவர் திருத்துகிறார்கள். அதில் ‘வணகம்’ என்று பிழையாக இருக்கிறது. நீங்கள் மூன்றாவது எழுத்தாக ‘க்’ சேர்க்கிறீர்கள். அதே நொடியில் மற்றவர் ஐந்தாம் இடத்தில், அதாவது கடைசியில், ஆச்சரியக்குறி போடுகிறார். அவர் திரையில் ‘வணக்கம்!’ என்று ஒழுங்காக வரும். உங்களுக்கோ, ‘ஐந்தாம் இடத்தில் !’ என்ற செய்தியை அப்படியே ஏற்றினால் ‘வணக்க!ம்’.

இப்படி ஒரே நேரத்தில் நடக்கும் திருத்தங்களை ஒத்துப்போகச் செய்ய இரண்டு முறைகள் உண்டு. முதலாவதான ஓடி (ஓ.டி., ஆபரேஷனல் டிரான்ஸ்ஃபர்மேஷன்) தரும் வைத்தியம் எளிது: வந்த ஐந்தை ஆறாக்கிவிடு. எல்லிஸ், கிப்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1989-இல் முன்வைத்த யோசனை இது. கேட்க எளிதுதான், ஆனால் அவர்களுடைய முதல் அல்காரிதத்திலேயே ஓட்டை இருந்தது. சர்வர் இல்லாமல் மூன்று பேர் சேர்ந்தால் கணக்கு இன்னும் சிக்கலாகும். சரியென்று வெளியான பல சூத்திரங்கள் பிற்பாடு தவறாகிப்போயின. 1995-இன் ஜூபிடர் என்ற கூட்டுவேலை மென்பொருள் நடுவில் ஒரு சர்வரை உட்கார வைத்து, வரிசையை அதன் பொறுப்பில் விட்டது. கூகுள் டாக்ஸும் சர்வரை நடுவில் வைத்த ஓடிதான்.

இரண்டாவது முறையான சிஆர்டிடி (கான்ஃப்ளிக்ட்-ஃப்ரீ ரெப்ளிகேட்டட் டேட்டா டைப்) இட எண்ணையே தொடாது. ஒவ்வொரு எழுத்துக்கும் மாறாத அடையாளம் உண்டு; ‘அந்த ம்-க்குப் பின்னால் !’ என்றுதான் செய்தி போகும். யார் முன்னால் எத்தனை எழுத்து நுழைத்தாலும் கவலையில்லை, சர்வரும் தேவையில்லை. 2006-இல் வந்த வூட் என்ற அல்காரிதம் இந்த வழியின் தொடக்கம். சிஆர்டிடி என்ற பெயர் 2011-இல்தான் நிலைத்தது.

இதற்கும் விலை உண்டு. வூட், ஆர்ஜிஏ போன்ற சிஆர்டிடி அல்காரிதங்களில் அழித்த எழுத்து உண்மையில் போகாது, அடையாளத்தோடு ஓரமாகக் கிடக்கும். லோகூட் என்ற இன்னொரு சிஆர்டிடியில் வேறொரு தொல்லை: இணைப்பில்லாத நேரத்தில் இருவர் ஒரே இடத்தில் ஆளுக்கொரு சொல் அடித்தால், இணையும்போது இரண்டின் எழுத்துகளும் சீட்டுக்கட்டு போலக் கலந்துவிடலாம். இந்தக் கலப்பைத் தவிர்க்கவே 2023-இல் ஃபியூக் என்ற சிஆர்டிடி வந்தது.

தமிழில் இன்னொரு வேடிக்கை. ‘ம்’ என்பது யூனிகோடில் ம, புள்ளி என இரண்டு துண்டு. ஒருவர் புள்ளியை எடுத்து ‘மா’ ஆக்க, இன்னொருவர் அதே நேரத்தில் ‘மி’ ஆக்கினால், ஒரே ம-வின் பின்னால் இரண்டு உயிர்க்குறிகளும் வந்து நிற்கும். எல்லாத் திரையிலும் ஒரே குப்பை. இரண்டு முறைகளுமே இதில் கைவிரித்துவிடும்.

சர்வர் எப்போதும் இருக்கும், நன்றாக ஓடும் ஓடி நிரலும் கையில் இருக்கிறது என்றால் மாற்றாதீர்கள். புதிதாகத் தொடங்குபவர், அதுவும் இணைப்பில்லாமல் எழுத வசதி வேண்டுபவர், ஒய்ஜேஎஸ் அல்லது ஆட்டோமெர்ஜ் என்ற ஆயத்த சிஆர்டிடி நிரல்தொகுப்பை எடுத்துக்கொள்ளலாம். ஓடியைச் சொந்தமாக எழுதக் கிளம்புவது மட்டும் வேண்டாம். அப்புறம், 2024-இல் ஜோசப் ஜென்டிலும் மார்ட்டின் கிளெப்மனும் வெளியிட்ட எக்-வாக்கர் என்ற அல்காரிதத்தையும் பாருங்கள்: ஓடி மாதிரி எண்களைச் சேமித்துவைத்து, திருத்தங்கள் மோதும் இடத்தில் மட்டும் சிஆர்டிடியைத் தற்காலிகமாகக் கட்டி, வேலை முடிந்ததும் கலைத்துவிடுகிறது.