கணினி பேசாத நேரம்: மினி பிசியோடு ஒரு பார்வையற்ற பயனரின் நீண்டகால அனுபவம்

எனக்குப் பார்வை முழுமையாக இல்லை. எழுத்து வேலை, மின்னஞ்சல், கணக்குத் தாள்கள், கொஞ்சம் ஒலித்தொகுப்பு எல்லாவற்றையும் திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை வைத்தே செய்கிறேன். சில வருடங்களாக என் முதன்மைக் கணினி ஒரு மினி பிசி, அதாவது திரையும் கீபோர்டும் சேராத ஒரு சிறிய பெட்டி. அதற்கு முன்னால் மடிக்கணினிகள். பக்கத்தில் ஒரு மேக் மினியும் புழக்கத்தில் இருக்கிறது. மினி பிசி வாங்க நினைக்கும் பார்வையற்ற நண்பர்கள் என்னிடம் முதலில் விசாரிப்பது புராசஸரைப் பற்றித்தான். நான் திருப்பிக் கேட்பது வேறு: அது பேசாமல் நிற்கும்போது என்ன செய்வீர்கள்? விண்டோஸ் எழுந்து திரைவாசிப்பான் ஓட ஆரம்பித்துவிட்டால் இன்றைய மினி பிசிக்களுக்குள் நமக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசமெல்லாம் அதற்கு முன்னால் இருக்கிறது.

மடிக்கணினியை விட்டதற்கு முக்கியக் காரணம் கீபோர்டு. என்விடிஏவின் டெஸ்க்டாப் விசையமைப்பில் நம்பர் பேட் முழுக்க நமக்கானது. 7, 8, 9 வரிகளுக்கு. 4, 5, 6 சொற்களுக்கு. 1, 2, 3 எழுத்துகளுக்கு. கர்சரை நகர்த்தாமலேயே திரையில் இருப்பதை ஒரு கையால் துழாவிப் படித்துவிடலாம். மெல்லிய மடிக்கணினிகளில் நம்பர் பேட் இருப்பதில்லை. என்விடிஏ கட்டளைகளுக்கு வேண்டிய இன்சர்ட் விசையும் பல நேரம் வேறொரு விசைக்குள் ஒளிந்திருக்கும். மினி பிசி என்றால் கைக்குப் பிடித்த கீபோர்டை நாமே தேர்ந்தெடுக்கலாம், கணினி மாறினாலும் அது கூடவே வரும். நான் பார்க்கவே போகாத ஒரு திரைக்குப் பணம் கொடுக்கவும் வேண்டாம். ஒன்று மட்டும்: கீபோர்டு கம்பி உள்ளதாக இருக்கட்டும். ப்ளூடூத் கீபோர்டு பெரும்பாலும் விண்டோஸ் எழுந்த பிறகுதான் இணைகிறது. நமக்குக் கீபோர்டு மிகவும் தேவைப்படுவதே அதற்கு முன்னால்தான்.

சரி, ஒலிக்கு வருகிறேன். மலிவான மினி பிசிக்கள் பெரும்பாலானவற்றில் ஸ்பீக்கரே கிடையாது. மானிட்டர் வழியாகவோ ஹெட்போன் வழியாகவோ கேட்டுக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகிறார்கள். பார்வையுள்ளவருக்கு ஒலி ஒரு கூடுதல் வசதி, நமக்கு அதுதான் திரை. எச்டிஎம்ஐ வழியாக டிவியையோ மானிட்டரையோ செருகினால் விண்டோஸ் தானாகவே ஒலியை அந்தப் பக்கம் திருப்பிவிடக்கூடும். அந்த மானிட்டரில் ஸ்பீக்கர் இல்லையென்றால் திரைவாசிப்பான் ஓடிக்கொண்டே இருக்கும், நம் காதுக்கு எதுவும் வராது. கணினி செத்துவிட்டதா, பேச்சு மட்டும் போய்விட்டதா என்று பிரித்தறியவும் வழி இருக்காது.

இதற்கு நான் கண்ட நல்ல மருந்து ஒரு சிறிய யுஎஸ்பி ஒலி அட்டை. விரல் நீளம்கூட இருக்காது. தனி டிரைவர் எதுவும் கேட்காது, விண்டோஸிலும் மேக்கிலும் செருகிய உடனே பேசும். என்விடிஏ அமைப்புகளில் ஒலி வெளியீட்டுக்கு அதையே குறிப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, விண்டோஸின் ஒலி அமைப்பில் எச்டிஎம்ஐ வெளியீடுகளை முடக்கிவிட்டேன். அதற்குப் பிறகு மானிட்டரை யார் செருகினாலும் பிடுங்கினாலும் பேச்சு அசையவில்லை. ஒரு சின்னத் தொல்லை உண்டு. சில ஒலிச் சிப்புகள் மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடும். அடுத்த விசையை அழுத்தும்போது முதல் அசை விழுங்கப்படும். எழுத்தெழுத்தாகப் போகும்போது இது உயிரை எடுக்கும், ஏனென்றால் அங்கே மொத்தச் சத்தமே ஒரு அசைதான். பேசி முடித்த பிறகும் ஒலிக் கருவியை விழித்திருக்க வைக்கும் அமைப்பு என்விடிஏவின் சமீபத்திய பதிப்புகளில் இருக்கிறது. அதைக் கூட்டி வைத்தால் போதும். ப்ளூடூத் ஹெட்போனைப் பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், வேலைக்கு வேண்டாம். விசைக்கும் பேச்சுக்கும் நடுவே வரும் அந்தத் தாமதம் நாள் முழுக்கச் சேர்ந்தால் களைப்பாக இருக்கிறது.

அடுத்தது பயாஸ், அதாவது விண்டோஸ் எழுவதற்கு முன் ஓடும், கணினியின் அடிப்படை அமைப்புகளைக் கவனிக்கும் மென்பொருள். இங்கேதான் நாம் உண்மையில் கைவிடப்பட்டிருக்கிறோம். என்விடிஏ 2006இல் தொடங்கியது. விண்டோஸுக்கான இன்னொரு திரைவாசிப்பான் ஜாஸ் அதற்கும் பல வருடங்கள் முந்தையது. திரைவாசிப்பான்கள் இவ்வளவு தூரம் வளர்ந்த பிறகும், பொதுவாகக் கிடைக்கும் மினி பிசியில் பயாஸ் திரை ஒரு வார்த்தை பேசாது. இது எனக்கு வருத்தம் தரும் விஷயம், கோபம் தரும் விஷயமும்கூட. ஒருமுறை என் பழைய பெட்டி, மின்சாரம் போய்த் திரும்பியதும் எழவே இல்லை. மின்விசிறி ஓடும் சத்தம் வந்தது, அவ்வளவுதான். தயாரித்த நிறுவனத்தின் உதவி மையத்தில் பேசியவர், திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பார்வை இல்லை என்று சொன்ன பிறகும் அதே கேள்வி. மதர்போர்டில் இருக்கும் சிறிய பேட்டரி தீர்ந்து, பயாஸ் அமைப்புகள் அழிந்து, தொடர எஃப்1 அழுத்தவும் என்ற ஒரு வரியில் அது நின்றிருந்தது. ஒரே ஒரு விசை. அதைத் தெரிந்துகொள்ள இன்னொருவரின் கண் தேவைப்பட்டது.

அதற்குப் பிறகு வாங்கியதுதான் எச்டிஎம்ஐ கேப்சர் கார்டு. மினி பிசியின் எச்டிஎம்ஐ வெளியீட்டை அதில் செருகி, அதன் யுஎஸ்பி முனையைப் பழைய மடிக்கணினியில் செருகுகிறேன். மடிக்கணினியில் கேமரா செயலியைத் திறந்து கேப்சர் கார்டைத் தேர்ந்தெடுத்தால் மினி பிசியின் திரை அங்கே தெரியும். என்விடிஏ விசையோடு (வழக்கமாக இன்சர்ட்) ஆர் அழுத்தினால் விண்டோஸின் எழுத்துணரி அந்தப் படத்தைப் படித்துக் காட்டும். எந்த வரி தேர்வாகியிருக்கிறது என்பதை மட்டும் அது சொல்லாது, ஏனென்றால் நிறமாற்றம் எழுத்தாக வருவதில்லை. இதற்கு ஒரு வழி இருக்கிறது. பழைய பாணி எழுத்து பயாஸ்களில், தேர்வாகியிருக்கும் அமைப்புக்கான விளக்கம் வலது பக்கத்தில் வரும். அம்புக்குறியை ஒரு தடவை அழுத்தி, மறுபடி எழுத்துணரியை ஓட்டி, அந்த விளக்கம் எப்படி மாறியது என்று கேட்டால் எங்கே நிற்கிறோம் என்று புரிந்துவிடும். மெதுவான வேலைதான், ஆனால் யாரையும் கூப்பிடாமல் முடிகிறது. படங்களும் மவுஸுமாக இருக்கும் புதுப் பாணி பயாஸில் இது நன்றாக நடப்பதில்லை. அதனால் பார்வையுள்ளவர்கள் அழகில்லை என்று ஒதுக்கும் அந்த எழுத்துத் திரையே எனக்கு விருப்பம்.

இன்னொரு சிறு உதவி: விண்டோஸின் ஷட்டவுன் கட்டளையில் மறுதொடக்கத் தேர்வோடு எஃப்டபிள்யூ தேர்வையும் சேர்த்து நிர்வாகி உரிமையோடு ஓட்டினால், அடுத்த தடவை கணினி நேராகப் பயாஸுக்குள் போகும். சரியான நொடியில் எஃப்2வையோ டெலீட்டையோ தட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

இதையெல்லாம் கடந்த பிறகுதான் அலுவலகங்களுக்கென்று செய்யப்படும் சிறிய கணினிகளின் அருமை புரிந்தது. லெனோவோவின் திங்க்சென்டர் டைனி, டெல்லின் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, ஹெச்பியின் எலைட்டெஸ்க் மினி ஆகிய வரிசைகளைச் சொல்கிறேன். சுமார் 18 செமீ சதுரம், 3.5 செமீ உயரம். இவற்றில் பல மாடல்களில் உள்ளேயே ஒரு சிறிய ஸ்பீக்கர் இருக்கிறது. பாட்டுக் கேட்க உதவாது, ஆனால் பேச்சுக்குப் போதும். அதைவிடப் பெரிய விஷயம், இந்த மூன்று நிறுவனங்களும் பயாஸ் அமைப்புகளை விண்டோஸுக்குள் இருந்தே மாற்ற வழி வைத்திருக்கின்றன. நூற்றுக்கணக்கான கணினிகளை நிர்வகிப்பவர்களுக்காகச் செய்தது அது. நமக்கோ, பேசும் இடத்தில் உட்கார்ந்துகொண்டே பேசாத இடத்தைச் சரிசெய்யும் வழி. மின்சாரம் வந்ததும் தானாக எழ வேண்டும் என்ற அமைப்பைக் கட்டளை வரியில் நானே போட்டுக்கொண்டபோது கிடைத்த நிம்மதி பெரியது. என் இப்போதைய முதன்மைக் கணினி இந்த வகைதான், புதுப்பித்து விற்கப்பட்டது. இப்படி வாங்குகிறவர்கள் இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போக வேண்டாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 பழைய புராசஸர்களை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை.

மானிட்டரே இல்லாமல் ஓட்டலாமா? ஓட்டலாம். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன். ஆனால் திரை எதுவும் இல்லையென்று தெரிந்தால் விண்டோஸ் 1024க்கு 768 போன்ற சிறிய அளவுக்கு இறங்கிவிடக்கூடும். பார்க்காத திரை எந்த அளவில் இருந்தால் என்ன என்று தோன்றும். ஆனால் பல இணையதளங்கள் அகலம் குறைந்ததும் மெனுவை ஒரு பொத்தானுக்குள் மடித்துவிடும். சில மென்பொருள்கள் கருவிப்பட்டையின் பாதியை மறைத்துவிடும். நேற்று இருந்த இணைப்பு இன்று காணாமல் போகும். எச்டிஎம்ஐ துளையில் செருகும் போலி மானிட்டர் பிளக் ஒன்று இதைத் தீர்க்கிறது. கணினி அதை உண்மையான திரை என்று நம்பி முழு அளவில் இயங்கும். சில பிளக்குகள் தங்களை ஒலிக் கருவியாகவும் காட்டிக்கொள்ளும். எச்டிஎம்ஐ ஒலியை முடக்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

வாங்கும் முன் முடிந்தால் பெட்டியைக் கையில் வாங்கித் தடவிப் பாருங்கள். பவர் பொத்தான் அழுத்தினால் உள்ளே போய் வர வேண்டும். தொட்டாலே வேலை செய்யும் வழுவழுப்பான பொத்தான் வேண்டாம். துளையைத் தேடும் விரல் பட்டே கணினி அணைந்துவிடும். துளைகளை வேறுபடுத்துவது பழகினால் எளிது. எச்டிஎம்ஐக்கு இரண்டு மூலையும் சரிந்திருக்கும், டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு ஒரு மூலை மட்டும் வெட்டியிருக்கும், யுஎஸ்பி சி நீள்வட்டம். உண்மையான ஆபத்து அடாப்டரில் இருக்கிறது. 12 வோல்ட் அடாப்டருக்கும் 19 வோல்ட் அடாப்டருக்கும் ஒரே மாதிரியான உருளை முனை இருப்பது சாதாரணம். கை வித்தியாசம் சொல்லாது. வாங்கிய அன்றே அடாப்டரின் தலையில் ரப்பர் பேண்ட் ஒன்றைச் சுற்றிவிடுங்கள். பவர் விளக்கு எரிகிறதா என்று அறிய, கைபேசியின் சீயிங் ஏஐ செயலியில் வெளிச்சத்தை ஒலியாக மாற்றும் பகுதி இருக்கிறது. அறை இருட்டாக இருக்கும்போது அது நன்றாக உதவுகிறது.

புராசஸரைப் பற்றிச் சுருக்கமாக. திரைவாசிப்பானுக்குக் கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. பல கோர்களைவிட ஒரு கோரின் வேகம் முக்கியம். விசைக்கும் பேச்சுக்குமான இடைவெளியை அதுதான் தீர்மானிக்கிறது. இன்டெல் என்100 போன்ற சிறிய சிப்பில் எழுத்தும் மின்னஞ்சலும் வசதியாக ஓடும். கனமான இணையப் பக்கங்களில் தயக்கம் கேட்கும். ரேம் 16 ஜிபி இருக்கட்டும். மின்விசிறிச் சத்தத்தைப் பற்றி யாரும் நமக்குச் சொல்வதில்லை. வேகமாகப் பேசும் குரலைக் காதால் பிரித்துக் கேட்பவருக்கு, சன்னமான கீச்சொலி ஒன்று மாலைக்குள் தலைவலியாகிவிடும்.

மேக் மினியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அது 2005 ஜனவரியில் வந்தது, ஆப்பிளின் திரைவாசிப்பானான வாய்ஸ் ஓவர் அதே வருடம் ஏப்ரலில் மேக்கின் டைகர் இயங்குதளத்தோடு வந்தது. பேசாத நேரங்கள் என்ற கணக்கில் பார்த்தால் அதற்கு இணை இல்லை. முதல் அமைப்பின்போது கமாண்டும் எஃப்5உம் அழுத்தினால் பேசும், மீட்பு நிலையிலும் பேசும். உள்ளே ஸ்பீக்கர் இருக்கிறது. 2024இல் வந்த மாடல் 12.7 செமீ சதுரம். ஹெட்போன் துளை முன்பக்கமே வந்துவிட்டது, பவர் பொத்தான் அடிப்பக்கம் ஒரு மூலையில். பழைய செவ்வக யுஎஸ்பி துளை ஒன்றும் இல்லாததால் பிரெய்ல் காட்சிக் கருவிக்கும் கீபோர்டுக்கும் மாற்றி தேவைப்படலாம். அப்புறம் ஏன் அது என் முதன்மைக் கணினி இல்லை? என் வேலை அட்டவணைகள் நிறைந்த கோப்புகளில் நடக்கிறது. அங்கே என்விடிஏவும் அதன் துணைநிரல்களும் எனக்குத் தரும் வேகம் வேறு எதிலும் வரவில்லை.

தமிழ்ப் பேச்சுக்கு எதுவாக இருந்தாலும் கவலை இல்லை. என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ற பேச்சு மென்பொருளில் தமிழ் இருக்கிறது. இயந்திரக் குரல்தான், ஆனால் விசை அழுத்திய கணமே பேசுகிறது. விண்டோஸின் வள்ளுவர் குரலும் மேக்கின் வாணி குரலும் நீண்ட கட்டுரை கேட்க இதமானவை.

கணினி வந்த வாரத்திலேயே செய்துவிட வேண்டியவை சில. விண்டோஸ் நுழைவுத் திரையிலும் என்விடிஏ பேசும்படி வையுங்கள். விண்டோஸ் விசையோடு கன்ட்ரோல், என்டர் அழுத்தினால் விண்டோஸின் சொந்தத் திரைவாசிப்பானான நேரேட்டர் வரும் என்பதை விரலுக்குப் பழக்குங்கள். வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் வசதிக்கான 48 இலக்க மீட்பு எண்ணைக் கைபேசியில் சேமியுங்கள்; பயாஸ் புதுப்பித்த பிறகு கணினி அதைக் கேட்கலாம், கேட்கும் நேரத்தில் என்விடிஏ ஓடாது. 2025.1 பதிப்பிலிருந்து என்விடிஏவிலேயே தொலை அணுகல் வந்துவிட்டது, நம்பகமான நண்பர் ஒருவரோடு அதை ஒருமுறை சோதித்து வையுங்கள்.

விற்பவரிடம் நான் கேட்பது நான்கு விஷயங்கள். உள்ளே ஸ்பீக்கர் இருக்கிறதா? பயாஸ் அமைப்புகளை விண்டோஸிலிருந்து மாற்ற முடியுமா? மின்சாரம் வந்ததும் தானாக எழும் அமைப்பு உண்டா? பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாமா? முதல் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் யுஎஸ்பி ஒலி அட்டையைச் சேர்த்து வாங்குவேன். இரண்டாவதற்கும் இல்லை என்றால், எவ்வளவு வேகமான கணினியாக இருந்தாலும் வேறொன்றைத் தேடுவேன்.