கம்பெனி பஸ்ஸா, லேப்டாப்பா, ட்ரோனா?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்து வீடுகளில் இப்போது மூன்று பேச்சு ஓடுகிறது. போச்சம்பள்ளிக்கோ ஓசூருக்கோ கம்பெனி பஸ் ஏறுவது ஒன்று. வீட்டிலிருந்தோ டவுனில் இருக்கும் சென்டரிலிருந்தோ ஏஐ-க்குப் படம் குறித்துக் கொடுக்கிற லேப்டாப் வேலை இன்னொன்று. கடனோ மானியமோ வாங்கி மருந்து அடிக்கும் ட்ரோன் எடுத்துச் சொந்தமாகத் தொழில் செய்வது மூன்றாவது.

மாதம் எவ்வளவு வரும் என்று மட்டும் கேட்டால் எது மேல் என்று தெரியாது. நான் வேறு இரண்டு கேள்வி வைத்துப் பார்க்கிறேன். ஆரம்பத்தில் குடும்பம் எவ்வளவு பணத்தைப் பணயம் வைக்கிறது? மூன்று வருடம் கழித்து அந்த வேலை போய்விட்டால் பிள்ளையின் கையில் என்ன மிஞ்சும்?

கம்பெனி பஸ்

ஓசூரில் டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் எல்லாம் வந்த 1980-களில் சேர்ந்தவர்களில் பலர் பெர்மனென்ட் ஆகி, ரிட்டயர் ஆகும்வரை ஒரே கேட்டுக்குள் போய் வந்தார்கள். அந்தத் தலைமுறையைப் பார்த்து வளர்ந்த அப்பா அம்மாக்கள் இன்றைக்கும் 'கம்பெனி வேலை' என்றால் அதைத்தான் நினைக்கிறார்கள். இன்றைய கம்பெனி வேலை வேறு. போச்சம்பள்ளி சிப்காட்டில் 500 ஏக்கரில் மின் ஸ்கூட்டர் ஆலை கட்டிய ஓலா எலக்ட்ரிக், முழுக்கப் பெண்களே நடத்தும் தொழிற்சாலையாக அது இருக்கும், பத்தாயிரம் பேருக்கு மேல் வேலை என்று 2021-இல் அறிவித்தது. ஏதர் தன் ஸ்கூட்டர் உற்பத்தியை ஓசூருக்குக் கொண்டுவந்தது. ஓசூர் அருகே டாடா எலக்ட்ரானிக்ஸில் ஐபோனுக்கான பாகங்கள் தயாராகின்றன. அங்கேயும் பெண்கள்தான் அதிகம்.

பணயம் என்று பார்த்தால் இதில் எதுவுமே இல்லை. பஸ் அவர்களுடையது, சாப்பாடு கேன்டீனில். சம்பளம் பொதுவாக இருபதாயிரத்துக்குக் கீழேதான் தொடங்கும், ஆனால் மாதாமாதம் பெண்ணின் சொந்தக் கணக்கில் விழும். பதினெட்டு முடிவதற்குள் கல்யாணப் பேச்சு எடுக்கிற வீடுகள் இந்த இரண்டு மாவட்டங்களிலும் இன்னும் இருக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டில் சம்பாதிக்கிற பெண்ணின் சொல்லுக்கு ஒரு மதிப்பு வருகிறது, "இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்மா" என்று அவளால் சொல்ல முடிகிறது. என்னைக் கேட்டால் இந்த ஒன்றுக்காகவே கம்பெனி பஸ் பக்கம் தராசு கொஞ்சம் சாயும்.

மிஞ்சுவது என்ன என்று பார்த்தால்தான் சிக்கல். அசெம்பிளி லைனில் ஒரு ஸ்டேஷனில் நிற்பவர் ஷிப்ட் முழுக்க அதே நாலு போல்ட்டை முடுக்குவார். முறுக்கு சரியாக விழுந்ததா என்பதைக்கூடக் கருவியே பச்சை விளக்குப் போட்டுச் சொல்லிவிடும். இரண்டு வருடம் அங்கே நின்றவருக்கு அந்த ஸ்டேஷன் அத்துப்படி, ஸ்கூட்டர் தெரியாது. அதே ஆலையில் டெஸ்டிங்கிலோ மெயின்டனன்ஸிலோ இருந்தவருக்கு மோட்டார், கன்ட்ரோலர், பேட்டரி மூன்றும் பேசுகிற மொழி புரிந்திருக்கும். உள்ளே போன ஆறு மாதத்துக்குள் எப்படியாவது அந்தப் பக்கம் மாற்றிக்கொள்ளப் பாருங்கள். டிப்ளமோ, ஐடிஐ முடித்தவர்கள் இன்டர்வியூவிலேயே கேட்கலாம்.

சேரும்போது சம்பளத்துக்கு முன்னால் கேட்க வேண்டியது, எந்தப் பேரில் எடுக்கிறீர்கள் என்பதை. அப்ரண்டிஸ் என்றால் உதவித்தொகைதான். பிஎஃப், இஎஸ்ஐ இருக்காது. கான்ட்ராக்டர் மூலம் என்றால் சம்பளச் சீட்டில் யார் பேர் இருக்கிறது, பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் நம்பர் கொடுத்தார்களா என்று பாருங்கள். குறித்த காலத்துக்கு நேரடியாக எடுத்தால், 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டங்களின்படி ஒரு வருடம் முடித்தாலே கிராஜுவிட்டி உண்டு; முன்பெல்லாம் ஐந்து வருடம் ஆக வேண்டும். பதினோரு மாதத்தோடு முடிகிற ஆர்டர் என்றால் அது கைக்கு வராது. ஆர்டரில் தொடங்கும் தேதியையும் முடியும் தேதியையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொன்று, மின் ஸ்கூட்டர் தொழில் மானியத்தை நம்பி வளர்ந்தது. 2023 ஜூனில் ஒன்றிய அரசு பேட்டரித் திறனில் ஒரு கிலோவாட் ஹவருக்கு 15,000 ரூபாயாக இருந்த மானியத்தை 10,000 ஆக்கியது. 2024 அக்டோபரில் தொடங்கிய பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் அது 5,000 ஆனது, 2025 ஏப்ரலிலிருந்து 2,500. விற்பனை தடுமாறினால் முதலில் அடி வாங்குவது கான்ட்ராக்ட் ஆட்கள்.

லேப்டாப் வேலை

வெளியிலிருந்து பார்த்தால் இதுதான் மூன்றிலும் சுகமானது. வெயில் இல்லை, நைட் ஷிப்ட் பஸ் இல்லை. ஆனால் வேலை என்னவென்று கிட்டத்தில் பார்க்க வேண்டும்.

திரையில் ஒரு சாலைப் படம் வரும். அதில் உள்ள வண்டி, ஆள், கம்பம், கோடு ஒவ்வொன்றையும் சுற்றிக் கட்டம் போட வேண்டும். பைக்குக்கு ஒரு கட்டம், அதில் உட்கார்ந்திருப்பவருக்குத் தனிக் கட்டம். லாரி பாதி மரத்துக்குப் பின்னால் மறைந்திருந்தால் மறைவு என்று குறித்து, கண்ணுக்குத் தெரியாத பாதி எங்கே முடியும் என்று ஊகித்துக் கோட்டை இழுக்க வேண்டும். கோடு சில பிக்சல் விலகினால் சரிபார்ப்பவர் திருப்பி அனுப்பிவிடுவார். ஒரு படத்தில் முப்பது நாற்பது பொருள், மணிக்கு இத்தனை என்று டார்கெட். கண்ணும் மணிக்கட்டும் சாயங்காலத்துக்குள் பதில் சொல்லிவிடும்.

ஏஐ இப்படித்தான் கண் பெற்றது. 2009-இல் வெளியான இமேஜ்நெட் தொகுப்பு பின்னாளில் 1.4 கோடிப் படங்களாக வளர்ந்தது; அவற்றுக்குப் பெயர் குறித்தவர்கள் இணையத்தில் துண்டு வேலை செய்த பல்லாயிரம் பேர். ஆனால் கட்டம் போடக் கற்றுக்கொண்ட ஏஐ மாடல் இப்போது தானே கட்டம் போடுகிறது. 2023 ஏப்ரலில் மெட்டா வெளியிட்ட செக்மென்ட் எனிதிங் மாடலோடு வந்த தொகுப்பில் 1.1 கோடிப் படங்களில் 110 கோடி எல்லைக் குறியீடுகள் இருந்தன. அவற்றில் ஏறக்குறைய அனைத்தும் மாடல் தானாகவே போட்டவை. எளிய குறியீட்டு வேலை அந்த வேலையாலேயே கரைந்துகொண்டிருக்கிறது. மாடல் போட்டதைத் திருத்துகிற வேலைதான் மிஞ்சும், அதற்கு ஆட்கள் குறைவாகப் போதும். மூன்று வருடக் கணக்கில் இதை நம்பி மற்றதை விடக் கூடாது என்று நான் உறுதியாகவே சொல்வேன்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அது நம் பக்கத்துக்கே உரியது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, சூளகிரி பக்கத்துப் பிள்ளைகளில் பலர் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வீட்டிலேயே பேசி வளர்ந்தவர்கள். குரல் பதிவைக் கேட்டு எழுதுவது, ஏஐ தமிழில் சொன்ன பதில் சரியா என்று மதிப்பிடுவது, சந்தைப் பேச்சும் ஊர்ப் பேச்சும் கலந்த வாக்கியத்தைப் புரிந்து பிரிப்பது, இவையெல்லாம் மாடல் இன்னும் தடுமாறுகிற இடங்கள். ஒன்றிய அரசின் மொழிபெயர்ப்புத் திட்டமான பாஷிணிக்கும் சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழுவுக்கும் இப்படிப்பட்ட மொழித் தரவுதான் அடிப்படை. கல்லூரியில் படித்துக்கொண்டே பக்க வருமானமாகச் செய்ய ஏற்ற வேலை. நர்சிங், வேளாண்மை, சட்டம் என்று ஏதாவது ஒரு துறையைப் படித்தவர் மதிப்பீடு செய்தால் கூலியும் கூடும்.

வேலை தருகிறோம் என்று முன்பணம் கேட்டால் அது மோசடி, வேறு பேச்சே வேண்டாம். கட்டிவிட்டீர்கள் என்றால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

ட்ரோன்

ஆசை அதிகம் கிளப்புவது இதுதான், பணயமும் இதில்தான் அதிகம். முதலில் விதி: விவசாய ட்ரோன்கள் பெரும்பாலும் 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரையுள்ள சிறு ரகத்தில் வரும். அதைத் தொழிலாக ஓட்ட அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையத்தில் படித்து ரிமோட் பைலட் சான்றிதழ் வாங்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, வயது 18 முதல் 65 வரை, சான்றிதழ் 10 ஆண்டு செல்லும். ஓசூர் பக்கம் பேளகொண்டப்பள்ளியில் விமான ஓடுதளம் இருப்பதால் அந்தச் சுற்று வட்டாரத்தில் எங்கே ட்ரோன் பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் பறக்கவிடக் கூடாது.

அடுத்து பயிர். எங்கே ட்ரோன் எடுபடும், எங்கே எடுபடாது என்பதை யாரும் விற்கும்போது சொல்வதில்லை. பாலக்கோடு, அரூர் சர்க்கரை ஆலைகளுக்குப் போகும் கரும்பில் அது அருமையான கருவி. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த கரும்புக்குள் முதுகில் டேங்க்கைச் சுமந்துகொண்டு யாராலும் நுழைய முடியாது. கிருஷ்ணகிரி அணைப் பாசனத்து நெல்லிலும் சரிதான். ஒரு ஏக்கருக்குப் பத்து லிட்டர் கரைசல், பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மாந்தோப்புக்கு வந்தால் கதை மாறும். பூக்கும் பருவத்துத் தத்துப்பூச்சி இலைக்கு அடியிலும் கிளைக்கு உள்ளேயும் இருக்கிறது. மேலிருந்து விழும் நுண்துளி அடர்ந்த பெங்களூரா ரக மாமரத்தின் உச்சியை நனைத்துவிட்டு நின்றுவிடும். அங்கே பவர் ஸ்பிரேயரும் நீளக் குழாயும்தான் இன்றுவரை வேலை செய்கின்றன. ராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளி நிலங்கள் துண்டு துண்டானவை, நடுவே மின்கம்பி, பக்கத்திலேயே அடுத்தவர் பூந்தோட்டம். காற்று அடித்தால் மருந்து அங்கே போகும், சண்டை வீட்டுக்கு வரும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஏக்கருக்கு 450 ரூபாய் கூலி, நாளைக்கு 20 ஏக்கர் என்றால் 9,000 ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது. அதில் உதவியாள், வண்டி, பேட்டரி சார்ஜ் பண்ண ஜெனரேட்டர், அதற்கு எரிபொருள் எல்லாம் போக வேண்டும். சில நூறு முறை சார்ஜ் ஆனதும் பேட்டரி தளர்ந்துவிடும், அதற்கு இப்போதே எடுத்துவைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், வருடத்தில் எத்தனை நாள் பறக்கும்? மானாவாரி ராகியும் கொள்ளும் நிறைந்த பென்னாகரம் பக்கத்தில் மருந்து அடிக்கிற நாளே குறைவு. 50 நாள் மட்டும் ஓடினால் மொத்த வரவு நாலரை லட்சம், செலவும் கடன் தவணையும் போக மிஞ்சுவது கம்பெனி சம்பளத்தைவிடக் கீழே போய்விடக்கூடும்.

அதனால் தனி ஆள் வட்டிக்கு வாங்கி ட்ரோன் எடுப்பதை நான் இந்த இரண்டு மாவட்டத்துக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மகளிர் சுயஉதவிக் குழு என்றால் வேறு கணக்கு. நமோ ட்ரோன் தீதி திட்டம் 15,000 குழுக்களை இலக்காக வைத்து, விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம் தரும்படி அமைந்தது. ஒருவருக்கு 15 நாள் பயிற்சியும் அதில் உண்டு. மானியம் கிடைத்து, குழுவுக்குள் கரும்போ நெல்லோ வைத்திருக்கும் குடும்பங்கள் நிறைய இருந்தால் தாராளமாக இறங்கலாம்.

இவற்றிலிருந்து கிளம்பும் நாலாவது வழி

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கையில் காசு இல்லாத வீட்டுக்குக் கம்பெனி பஸ்தான் முதல். படிப்பைத் தொடர வசதி உள்ள பிள்ளைக்கு மொழி சார்ந்த லேப்டாப் வேலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பது. ட்ரோன் குழுவுக்கு மட்டும். ஆனால் கம்பெனி பஸ்ஸை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் அங்கேயே இருந்துவிடலாம் என்பதால் இல்லை. இரண்டு மூன்று வருடத்தில் டெஸ்டிங்கோ மெயின்டனன்ஸோ கற்றவர் வெளியே வந்து மின் வண்டி சர்வீஸ் கடை போடலாம். ட்ரோனைவிட இதில் முதலீடு மிகவும் குறைவு, வேலை வருடம் முழுக்க இருக்கும்.

வண்டி ஓடவில்லை என்று தள்ளிக்கொண்டு வருகிறவர் பேட்டரி போச்சு என்றுதான் பயந்து வருவார். பல நேரம் பிரேக் லீவரில் இருக்கும் சின்ன ஸ்விட்ச் சிக்கிக்கொண்டு மோட்டாருக்குப் போகும் உத்தரவைத் தடுத்துக்கொண்டிருக்கும், இல்லையென்றால் ஹப் மோட்டாரின் சென்சார் ஒயர் அறுந்திருக்கும். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவருக்குச் சின்ன வேலை. பெரிய பிராண்டுகளின் சாஃப்ட்வேர் கோளாறை வெளிக்கடையில் பார்க்க முடியாது, அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். பேட்டரி பேக்கைத் திறக்கிற வேலையை முறையாகப் பயிலாமல் தொடவே கூடாது. லித்தியம் செல் ஷார்ட் ஆனால் கடையே எரியும். ஐடிஐ-யில் மின் வாகன மெக்கானிக் என்று இரண்டு வருடப் படிப்பே வந்துவிட்டது. டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து தமிழக அரசு 71 அரசு ஐடிஐ-களைத் தொழில் 4.0 மையங்களாக மாற்றியிருக்கிறது.

கடனுக்கு மாவட்டத் தொழில் மையம் போங்கள். படித்த வேலையற்ற இளைஞர்களுக்கான திட்டத்தில் 25 சதவீத மானியம் உண்டு. பட்டியலினத்தவர், பழங்குடியினர் என்றால் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீதம். விண்ணப்பத்தோடு வேலை அனுபவச் சான்றும் இருந்தால் வங்கியில் பேசுவது எளிது, அதனால் கம்பெனியை விட்டு வரும்போது ரிலீவிங் லெட்டரை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். ஓசூரில் இந்தக் கடைகளுக்குப் போட்டி இருக்கும். மத்தூர், காவேரிப்பட்டணம், கடத்தூர், பென்னாகரம் மாதிரி ஊர்களில் வண்டி வாங்கியவர்கள் ரிப்பேர் என்றால் வேனில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோகிற நிலைமைதான் பெரும்பாலும், கடை போட நினைப்பவர் அங்கிருந்து தொடங்கலாம்.