37 பாயின்ட் போட்டவரா, எதிரே நின்றவரா?

2024 ஏப்ரல் 8, அரிசோனாவின் கிளெண்டேல். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் இறுதி ஆட்டம். பர்டூ அணியின் சாக் ஈடி 37 பாயின்ட், 10 ரீபவுண்ட் (கூடையில் விழாத பந்தைப் பிடிப்பது). அவரைத் தடுக்க நின்ற கனெக்டிகட்டின் டோனவன் கிளிங்கன் 11 பாயின்ட், 5 ரீபவுண்ட். கோப்பை கனெக்டிகட்டுக்கு, 75-60. இரண்டரை மாதம் கழித்து, தொழில்முறை லீக்கான என்பிஏவின் அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் கிளிங்கனை 7ஆவது ஆளாகப் போர்ட்லண்ட் எடுத்தது. ஈடி 9ஆவதாக மெம்ஃபிஸுக்குப் போனார்.

அநியாயமாகத் தெரிகிறதல்லவா? எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது.

ஈடி 7 அடி 4 அங்குலம், சுமார் 136 கிலோ. கையை விரித்தால் கிட்டத்தட்ட 7 அடி 11 அங்குலம். கூடைக்குப் பக்கத்தில் வந்து தடுப்பவரை முதுகால் அடைத்துக்கொண்டு ஒரு கையைத் தூக்குவார். பந்து அந்தக் கைக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு திரும்பல், தலைக்கு மேல் ஒற்றைக் கையால் ஒரு ஹூக் ஷாட். தடுக்கப் போனவர் இடித்துவிட்டால் யாரும் தடுக்காமல் எறியும் ஃப்ரீ த்ரோ, அதிலும் 71 சதவீதம் விழும். கடைசி வருடம் ஆட்டத்துக்குச் சராசரி 25.2 பாயின்ட், 12.2 ரீபவுண்ட். 2023, 2024 என இரண்டு வருடமும் தேசத்தின் சிறந்த கல்லூரி வீரர் விருது அவருக்குத்தான். 1980களின் தொடக்கத்தில் ஆடிய ரால்ஃப் சாம்ப்சனுக்குப் பிறகு அப்படித் தொடர்ந்து வாங்கியவர் யாரும் இல்லை.

ஆனால் இந்த விருதுக்கு டிராஃப்டில் அவ்வளவு மதிப்பில்லை. 2021இல் விருது வாங்கிய லூகா கார்ஸா 52ஆவது இடத்தில்தான் எடுக்கப்பட்டார். 2022இல் வாங்கிய ஆஸ்கர் ஷீப்வேயை அடுத்த வருட டிராஃப்டில் ஒருவரும் எடுக்கவில்லை. காரணத்தில் ஒரு பகுதி தரையில் வரைந்த கோடுகளிலேயே இருக்கிறது. கூடைக்கு முன்னால் உள்ள பெயின்ட் கட்டம் கல்லூரியில் 12 அடி அகலம், என்பிஏவில் 16 அடி. தாக்குகிறவர் அதற்குள் மூன்று வினாடிக்கு மேல் நிற்க முடியாது என்பதால், ஈடி காலூன்றி நிற்கும் இடம் பக்கத்துக்கு இரண்டு அடி வெளியே தள்ளிப் போகிறது. இரண்டு அடிதானே என்று தோன்றும். முதுகால் ஒருவரைத் தள்ளிக்கொண்டே போக வேண்டியவரிடம் கேட்டால் வேறு பதில் வரும்.

தடுப்பாட்டம் இன்னும் பெரிய கேள்வி. பிக் அண்ட் ரோல் என்ற ஆட்ட முறையில் எதிரணி சென்டர் (கூடைக்கு அருகில் ஆடும் உயரமானவர்) வெளியே வந்து ஸ்கிரீன் போடுவார், அதாவது பந்து வைத்திருக்கும் தன் ஆளைத் துரத்துபவரைக் குறுக்கே நின்று மறிப்பார். நம் சென்டர் கூடவே வெளியே போக வேண்டும், இல்லையென்றால் கூடைக்கு அருகிலேயே பின்வாங்கி நிற்க வேண்டும். ஈடிக்கு இரண்டாவதுதான் வழி. பின்வாங்கி நின்றால் பந்தைக் கொண்டுவரும், நன்றாக எறியத் தெரிந்த கார்டுக்குக் கொண்டாட்டம், வெளியே வந்தால் அந்த உடம்பைத் திருப்புவதற்குள் ஆட்டம் தாண்டிப் போய்விடும்.

கிளிங்கனும் மான் ஒன்றும் இல்லை. 7 அடி 2 அங்குலம், அவரும் பின்வாங்கி நிற்கிற ஆள்தான். வித்தியாசம், அவர் கால் கொஞ்சம் முன்னதாகவே நகர்ந்துவிடும். இல்லினாய்க்கு எதிரான காலிறுதியைப் பாருங்கள். 23-23 என்று இருந்த ஆட்டம் கனெக்டிகட்டுக்கு 53-23 ஆனது. கிளிங்கன் கை நீட்டித் தடுக்கப் போன 19 எறிதல்களில் ஒன்றுகூட அவர்களுக்கு விழவில்லை. இத்தனைக்கும் அந்த சீசனில் அவர் ஆட்டத்துக்கு 22, 23 நிமிடம்தான் ஆடினார். அதிலேயே சராசரி 2.5 பிளாக், அதாவது எதிரி எறிந்த பந்தைத் தட்டிவிடுவது. வயதும் ஈடியைவிட ஏறத்தாழ இரண்டு குறைவு.

குறையும் இருக்கிறது. ஃப்ரீ த்ரோ 58 சதவீதம், கடைசி நிமிடத்தில் வேண்டுமென்றே ஃபவுல் செய்யத் தூண்டும் எண். பாதத்தில் காயப்பட்டு நடுவில் சில ஆட்டங்கள் உட்கார்ந்தார். நான் டாக்டர் இல்லை, ஆனால் இவ்வளவு பெரிய உடம்புக்குப் பாதம் என்றாலே எந்த அணிக்கும் வயிற்றைக் கலக்கும்.

சரி, அந்த இறுதி ஆட்டத்துக்கு வருவோம். திரும்பப் போட்டுப் பார்த்தபோதுதான் 37 எப்படி வந்தது என்று புரிந்தது. கனெக்டிகட் பெரும்பாலும் இரண்டாவது ஆளை அனுப்பவே இல்லை. நீ போட்டுக்கொள் என்று ஈடியை ஒற்றை ஆளிடம் விட்டுவிட்டு, வெளியே நிற்பவர்களோடு ஒட்டிக்கொண்டார்கள். பர்டூ மொத்த ஆட்டத்திலும் தூரத்திலிருந்து த்ரீ பாயின்ட் எறிந்தது ஏழு முறை, விழுந்தது ஒன்று. ஈடி 25 எறிந்து 15 போட்டும் அணி 60ஐத் தாண்டவில்லை. அந்தத் திட்டம் நடந்ததே கிளிங்கன் மாதிரி ஒருவரைத் தனியாக விட முடிந்ததால்தான்.

ஈடி நன்றாக ஆட அணியே அவருக்காக ஆட வேண்டும். கிளிங்கனுக்காக யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை. அதனால் ஏழாவது இடத்தில் நானும் அவரைத்தான் எடுத்திருப்பேன். அதே சமயம் மெம்ஃபிஸ் செய்ததும் தப்பில்லை. ஸ்டீவன் ஆடம்ஸ் போன பிறகு கனத்த சென்டர் இல்லாத அணி, பக்கத்தில் வெளியே நின்று எறியவும் ஓடித் தடுக்கவும் ஜேரன் ஜாக்சன். அப்போதைக்கு ஈடிக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இருந்திருக்காது.

முதல் வருடக் கணக்கு என்னைக் கொஞ்சம் கிண்டல் செய்கிறது. அந்த வருடத்துச் சிறந்த புதுமுகங்களின் கௌரவப் பட்டியலில், முதல் அணியில் ஈடி, இரண்டாம் அணியில் கிளிங்கன். ஆனால் 2025 கோடையில் ஈடிக்குக் கணுக்காலில் அறுவைச் சிகிச்சை. அதே கோடையில் போர்ட்லண்ட், அதுவரை தன் சென்டராக இருந்த டியாண்ட்ரே எய்ட்டனுக்குப் பணம் கொடுத்து அனுப்பிவிட்டு, சென்டர் இடத்தைக் கிளிங்கனிடம் கொடுத்தது.